அம்மா தண்ணீர் குடித்த ரயில்

இந்தியாவிலிருந்து வந்த மறுநாள் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு சின்ன மாநாடே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணை, அக்காவும் அத்தானும், ஒழுங்கையில் போய்க்கொண்டிருந்து சத்தம் கேட்டு உள்ளே வந்த இரண்டு பேர். ஆண்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "வந்தே பாரத் எத்தனையில ஓடிச்சுது?"

அந்த வேக ரயிலின் பெட்டிக்குள் இருக்கும் திரையைப் படம் பிடித்து வைத்திருந்தேன். மணிக்கு 110 கிலோமீற்றர் என்று காட்டியது. அத்தானுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அவ்வளவுதானோ? 160 எண்டல்லோ சொன்னவங்கள்." 160 வேறு பாதையில், வேறு தண்டவாளத்தில் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, பிளேன்டீத் தட்டோடு வந்த அம்மா யாரும் கேட்காமலே தன் பங்கைச் சொன்னார்.

"நான் அந்த ரயிலில வடிவாத் தண்ணி குடிச்சன்."

யாரும் அதைக் கவனிக்கவில்லை. பேச்சு திரும்பவும் வேகத்துக்கே போய்விட்டது. எனக்கும் அன்றைக்கு அது ஒரு செய்தியாகப் படவில்லை. பயணம் போனது 2024 ஆடியில்; எழுத இப்போதுதான் கை வந்திருக்கிறது. இவ்வளவு நாள் கழித்து யோசித்துப் பார்த்தால், அந்த ரயிலைப் பற்றி அன்று சொல்லப்பட்டவற்றில் உருப்படியானது அம்மா சொன்ன அந்த ஒரு வரிதான்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரயில் என்றால் எனக்குக் கொஞ்சம் விசர். திருகோணமலையில் பிறந்தவனுக்கு அது வரக் காரணமே இல்லை. யாழ்ப்பாணத்தாருக்கு யாழ்தேவி இருக்கிறது, மட்டக்களப்பாருக்கு உதயதேவி இருக்கிறது. எங்களுக்கு வாய்த்தது பெயரில்லாத ஓர் இரவு மெயில். திருகோணமலைக்கு ரயில் வந்தது 1927இல். மாகோவில் வடக்குப் பாதையை விட்டுப் பிரிந்து வரும் தண்டவாளம் கல்லோயாச் சந்தியில் மறுபடி இரண்டாகும். ஒன்று பொலன்னறுவை வழியாக மட்டக்களப்புக்கு. மற்றது கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாக எங்களுக்கு. வெள்ளைக்காரனுக்குத் துறைமுகம் தேவைப்பட்டது, பாதை போட்டான். நாங்கள் அதில் கொழும்புக்கு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்போட் அலுவலகத்துக்கும் போய் வருகிறோம்.

300 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான தூரம். அதை ஓர் இரவு முழுக்க ஓடி முடிக்கும் மெயில்.

எனக்கு அந்த மெயில் என்றால் கதவடி. பதினாறு பதினேழு வயதில் உள்ளே ஆசனம் கிடைத்தாலும் உட்காரமாட்டேன். படியில் காலைத் தொங்கவிட்டு, கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கந்தளாய்ப் பக்கம் வரும் ஈரக்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு போவேன். கல்லோயாவில் தேத்தண்ணி. காட்டுக்குள் வண்டி மெதுவாகும்போது யானை வாசம் வருகிறது என்று யாராவது சொல்வார்கள். வந்ததோ இல்லையோ, எல்லோரும் மூக்கை விடைத்துப் பார்ப்போம்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். திருச்செந்தூருக்கு அம்மா வைத்த நேர்த்தி ஒன்று பல வருடமாகக் கிடந்தது. அம்மா, சின்னம்மா, அக்காவின் மகன், நான் என்று நாலு பேர். மெயிலில் கொழும்பு, அங்கிருந்து சென்னைக்கு விமானம், எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு வந்தே பாரத். கடைசிப் பகுதி என் ஆசை. இரவு ரயிலில் படுத்துக்கொண்டே போகலாமே என்றார் சின்னம்மா. நான் விடவில்லை.

எழும்பூரில் நின்றபோது அம்மா சிவப்புக் கட்டடத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். தாத்தா இங்கேதான் போட் மெயில் ஏறினாராம். 1914இல் தொடங்கிய ஓட்டம் அது. எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி, அங்கே கப்பல், தலைமன்னாரில் இறங்கினால் நம்முடைய ரயில். கொழும்பு வரை ஒரே ரிக்கெட். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே அடித்துக்கொண்டு போனதும் அந்த வழி முடிந்தது. அறுபது வருடத்துக்கு முன்னால் விமானமே ஏறாமல் வந்த இடத்துக்கு நாங்கள் இரண்டு நாள் அலைந்து வந்து நின்றோம். இதை நினைத்தால் எனக்கு ஒரு சின்னக் கோபம் வரும். அது வேறு கட்டுரை.

வெள்ளையும் நீலமுமாக வண்டி வந்து நின்றது. எட்டுப் பெட்டி. மருமகன் நேராக மூக்கைப் பார்க்க ஓடினான். அந்தக் கூரான முகம்தான் அவன் வயதுக்காரர்களுக்கு ரயில். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரும் வால். முகம் நாரிழைப் பிளாஸ்டிக்கில் செய்தது என்று அவனுக்குத் தெரியும். 2022 ஒக்டோபரில் மும்பையிலிருந்து காந்திநகருக்குப் போன வந்தே பாரத் எருமைகளில் மோதி மூக்கு உடைந்து, அடுத்த நாள் புது மூக்குப் பூட்டி ஓடியதையும் அவனே எனக்குச் சொன்னான்.

சின்னம்மா பிளாட்போமில் இரண்டு பக்கமும் பார்த்தார். "இஞ்சின் எங்க?"

இஞ்சின் இல்லை என்றால் அவர் நம்பவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் இது ஒரு பவர் செட். இழுக்கத் தனி இஞ்சின் கிடையாது. பாதிப் பெட்டிகளின் அடியிலேயே மோட்டார் இருக்கிறது. மேலே போகும் கம்பியிலிருந்து மின்சாரம். அதனால் கடைசி ஸ்டேஷனில் இஞ்சினைக் கழற்றி மறுபக்கம் கொண்டுபோய்க் கொழுவும் வேலையும் இல்லை. இலங்கையில் ஓடும் பவர் செட்டுகளும் இந்த வகைதான், ஆனால் டீசல். மின்சார ரயில் என்ற ஒன்று நம் நாட்டில் இதுவரை இல்லை. இதையெல்லாம் சின்னம்மாவுக்குச் சொல்லி முடிப்பதற்குள் பிளாட்போம் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. அவர் திடுக்கிட்டு யன்னலைப் பார்த்தார். "ஐயோ, வெளிக்கிட்டிட்டுதே! ஒரு இழுவை இல்ல, ஒண்டுமில்ல!"

எனக்கும் அதுதான் முதல் அதிர்ச்சி. மெயில் புறப்படும்போது முன்னால் ஓர் இழுப்பு விழும். அது பெட்டி பெட்டியாகப் பின்னால் ஓடி வந்து நம் முதுகில் ஒரு தட்டுத் தட்டும். அந்தத் தட்டு விழுந்தால்தான் பயணம் தொடங்கியதாக உடம்பு ஒத்துக்கொள்ளும். இங்கே தட்டே இல்லாமல் ஊர் நகர்ந்தது.

அதற்கு முன்னால் கதவு. புறப்படும் நேரத்தில் தானாக மூடிக்கொண்டது. பிறகு அடுத்த ஸ்டேஷன் வரை அது சுவர். வழியனுப்ப வந்து ஆறுதலாகப் பெட்டி தூக்கிக் கொடுத்துக் கதைத்துவிட்டு, ஓடும்போது குதித்து இறங்கும் நம்முடைய வழக்கம் இங்கே செல்லாது. 2023இல் ராஜமந்திரியில் ஒருவர் படம் எடுக்க உள்ளே ஏறி, கதவு மூடிவிட, விஜயவாடா வரை போக வேண்டி வந்தது. நான் கதவடிக்குப் போய்க் கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிடிக்கக் கம்பி இருந்தது, காற்று இல்லை. மீன்தொட்டிக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

அம்மாவின் கை யன்னலின் கீழ் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. தூக்கும் பிடியைத் தேடுகிறார்.

"திறக்க ஏலாது அம்மா."

"அப்ப வடை?"

விழுப்புரத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. கண்ணாடிக்கு அப்பால் ஒருவர் கூடையோடு எங்கள் பெட்டியைக் கடந்து போனார். வாய் அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஆனால் ஒரு சத்தமும் உள்ளே வரவில்லை. அம்மா அவர் போகும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்களுக்கு உள்ளேயே மாலைச் சிற்றுண்டியும் பிறகு இரவுச் சாப்பாடும் ஒழுங்காக வந்தன. பசி என்று சொல்ல முடியாது. ஆனாலும் வடைக்காரரின் குரலைக் கண்ணாடி தின்றுவிட்டது எனக்கு என்னவோ போல இருந்தது.

சின்னம்மாவுக்கு வேறு குறை. ஆசனங்கள் ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு. அவருக்கு முன்னால் இருந்தது இன்னொருவரின் முதுகு. மெயிலில் எதிரெதிரே உட்கார்ந்து போனால் மாகோவுக்கு முன்னால் எதிரில் இருப்பவளின் மூன்று தலைமுறையும் சின்னம்மாவுக்கு அத்துப்படியாகிவிடும். இங்கே குளிரும் அமைதியும். "ஆஸ்பத்திரியில நம்பர் எடுத்திட்டு இருக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். ஆனால் சின்னம்மாவை எந்த ஆசன ஒழுங்கும் நீண்ட நேரம் தடுக்காது. திருச்சி தாண்டியதும் நடைவழிக்கு அப்பால் இருந்த பெண்மணி ஒருவர், இவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "நீங்க கேரளாவா?" என்று கேட்டார். போதும். திண்டுக்கல் வருவதற்குள் அந்தப் பெண்ணின் மருமகளுக்கு எத்தனை பவுன் போட்டார்கள் என்பது எங்கள் நாலு பேருக்கும் தெரிந்திருந்தது.

இந்த வண்டியைச் செய்த இடம் எழும்பூரிலிருந்து ஐந்தாறு கிலோமீற்றர்தான். பெரம்பூரில் இருக்கும் ரயில் பெட்டித் தொழிற்சாலை, 1955இல் நேரு திறந்துவைத்தது. முதல் வண்டி 2018இல் முடிந்ததால் அதற்கு அவர்கள் வைத்த பெயர் ட்ரெயின் 18. 2019 பெப்ரவரியில் டில்லிக்கும் வாரணாசிக்கும் இடையே வந்தே பாரத் என்று ஓடத் தொடங்கியது. திருநெல்வேலி வண்டி வந்தது 2023 செப்டெம்பரில், ஒரே நாளில் தொடங்கிவைத்த ஒன்பதில் ஒன்றாக.

எனக்குப் பிடித்தது அதற்கு இடைப்பட்ட கதை. ஓடத் தொடங்கியதும் பயணிகள் சொன்னது என்ன? நாம் நினைக்கிற மாதிரி வேகத்தைப் பற்றி இல்லை. ஆசனம் போதிய அளவு சாயவில்லை. மெத்தை கட்டியாக இருக்கிறது. சார்ஜ் செய்யும் இடம் கைக்கு எட்டவில்லை. கை கழுவும் தொட்டி ஆழமில்லாததால் தண்ணீர் தெறிக்கிறது. 2023இல் வந்த பெட்டிகளில் இவை ஒவ்வொன்றையும் திருத்தினார்கள். சாய்வைக் கூட்டினார்கள், மெத்தையை மாற்றினார்கள், தொட்டியை ஆழமாக்கினார்கள். நாடே பெருமைப்பட்டுக் கொடியசைத்த ரயிலில், கைகழுவும்போது சட்டை நனைகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார். அதை யாரோ எழுதி வைத்திருக்கிறார். அந்த முதல் ஆளை எனக்குப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

அதே பெரம்பூரில் இருந்து நமக்கும் வண்டி வந்திருக்கிறது. வந்தே பாரத் ஓடுவதற்குச் சில வாரங்கள் முன்னால், 2019 ஜனவரியில், கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே உத்தரதேவி ஓடத் தொடங்கியது. இந்தியக் கடனுதவியில் வாங்கிய எஸ் 13 பவர் செட். வவுனியாவிலிருந்து ஒருமுறை அதில் போயிருக்கிறேன். என்னுடைய அந்த நாள் நினைவு எல்லாம் இரண்டு: புதுப் பெட்டியின் பிளாஸ்டிக் வாசம், பக்கத்தில் இருந்த ஐயா ஒருவர் அனுராதபுரம் வரை தன் ஆசனத்தின் மேல் உறையைக் கிழிக்காமல் கவனமாக உட்கார்ந்திருந்தது. "எங்கட லைனுக்கு எப்ப வரும்?" என்று நான் கேட்டதற்கு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பின் பொருள் திருகோணமலைக்காரனுக்கு விளங்கும்.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். வடக்குப் பாதை யுத்தத்துக்குப் பிறகு அடியிலிருந்து புதிதாகப் போட்டது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை திறந்தார்கள். புது வண்டி ஓடப் புதுத் தண்டவாளம் இருந்தது. அத்தான் ஏமாந்துபோன அந்த 110உம் இதே கதைதான். 180 வரை ஓடக்கூடிய வண்டி அது. தண்டவாளம் எவ்வளவு தருகிறதோ அவ்வளவுதான் அது ஓடும். சுமார் 650 கிலோமீற்றரை 7 மணி 50 நிமிடத்தில் ஓடியது; சராசரி 83. அந்தக் கணக்கில் திருகோணமலையில் ஏறினால் மூன்றரை மணி நேரத்தில் கொழும்பு. விறாந்தையில் இதைச் சொன்னபோது எல்லோரும் ஒரு கணம் பேசாமல் இருந்தார்கள். பிறகு பக்கத்து வீட்டு அண்ணை சொன்னார்: "ஆனைக்கு ஆர் சொல்லுறது?"

அதுவும் சரிதான். 2025 பெப்ரவரியில் ஹபரணைக்குப் பக்கத்தில், மட்டக்களப்புப் பாதையில், மீனகயா ரயில் ஓர் யானைக் கூட்டத்தில் மோதிக் குறைந்தது ஆறு யானைகள் செத்தன. அந்தக் காட்டில் தண்டவாளம் வருமுன்னே யானைப் பாதை இருந்தது. அங்கே 83இல் ஓடும் வண்டி எனக்கு வேண்டாம். காட்டுக்குள் மெதுவாகப் போகட்டும், மூக்கை விடைத்துக்கொண்டு இருக்கிறேன்.

இனி அம்மாவின் தண்ணீர்.

செங்கல்பட்டு தாண்டிய பிறகு அம்மா மலசலகூடத்துக்குப் போக வேண்டும் என்றார். கதவு வரை கூட்டிக்கொண்டு போனேன். பழைய பெட்டிகளில் எல்லாம் நேரே தண்டவாளத்தில் விழும், அதனால்தான் ஸ்டேஷனில் நிற்கும்போது பாவிக்க வேண்டாம் என்று எழுதியிருப்பார்கள். இங்கே காற்று உறிஞ்சி இழுத்துக்கொள்ளும், விமானத்தில் மாதிரி. உள்ளேயிருந்து அந்த "புஸ்" என்ற பெரிய சத்தமும் அம்மா "முருகா" என்றதும் ஒன்றாகக் கேட்டன. வெளியே வந்தவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆசனத்துக்கு வந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்தார். அரைவாசியை ஒரே மூச்சில் குடித்தார்.

"என்ன அம்மா, இவ்வளவு தாகமோ?"

"காலையிலயிருந்து குடிக்கேல்ல."

சின்னம்மாவும் குடித்திருக்கவில்லை. பயண நாளில் குடிப்பதில்லையாம். எப்போதிருந்து என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படியும் ஒரு கேள்வியா என்கிற பார்வை. "பொம்பிளையள் ஆர்தான் தண்ணி குடிச்சிட்டு வெளிக்கிடுறது?" என்றார் சின்னம்மா.

அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. சீனி வருத்தம், முழங்கால் நோ. மெயிலில் ஐம்பது தடவைக்குக் குறையாமல் போயிருப்பார்; அதில் பாதியாவது என்னோடுதான். மெயில் இரவில் புறப்படும். அப்படியானால் அம்மாவுக்கு மத்தியானத்திலிருந்தே தண்ணீர் இல்லை. நான் கதவடியில் காற்று வாங்கிக்கொண்டு யானை வாசம் தேடிய அத்தனை இரவிலும், நாலடி தள்ளி, மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி, உலர்ந்த வாயோடு ஒருவர் விடியட்டும் என்று உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் அதை நித்திரை என்று நினைத்திருக்கிறேன். கதவடிக்கு வாங்கோ, காற்று நல்லா இருக்கு என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கதவடியில் பெண்கள் நின்றதே இல்லை. நின்றிருந்தாலும் நாங்கள் என்ன மாதிரிப் பார்த்திருப்போம் என்று எனக்குத் தெரியும்.

இதற்குப் பிறகு மூடிய கதவைப் பற்றியும் திறக்காத யன்னலைப் பற்றியும் புலம்ப எனக்கு வாய் வரவில்லை. காற்று போனது உண்மை. வடைக்காரர் ஊமையானதும் உண்மை. ஆனால் நான் இழந்ததாகச் சொல்லும் ரயிலில் அம்மா ஒருநாளும் போகவில்லை.

மதுரைக்கும் விருதுநகருக்கும் இடையில் அம்மா இரண்டாவது போத்தலும் கேட்டு வாங்கிக் குடித்தார். அப்புறம் ஒருமுறை போய் வந்தார். மூன்றாம் முறை தனியாகவே போய் வந்தார். வரும்போது முகத்தில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. "சின்னவள், நீயும் போய்ப் பாரன்" என்று தங்கையையும் எழுப்பி அனுப்பினார். கோயிலுக்குப் போய் வந்தவர் மற்றவரை அனுப்புகிற மாதிரி.

இரவு பத்தே முக்காலுக்குச் சற்று முன்னால் திருநெல்வேலி. கதவு திறந்ததும் கீழேயிருந்து ஒரு படி வெளியே நீண்டு வந்து பிளாட்போமுக்கும் பெட்டிக்கும் இடையிலான வெளியை மூடியது. எழும்பூரில் ஏறியபோது கூட்டத்தில் நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. அம்மா நின்று அதை ஒருமுறை பார்த்தார். செருப்பு முனையால் தட்டிப் பார்த்தார். என் கையைப் பிடிக்காமலே இறங்கினார்.

திருச்செந்தூரில் நேர்த்தி முடிந்தது. சென்னை, கொழும்பு, பிறகு கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலிருந்து மெயில். மருமகன் ஏறியதும் கதவடிக்குப் போய்விட்டான். நான் போகவில்லை, வயசும் போய்விட்டது. கல்லோயாவில் வண்டி நின்றபோது யன்னல் வழியாகத் தேத்தண்ணி வாங்கி அம்மாவிடம் நீட்டினேன். ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தைச் சின்னம்மாவிடம் கொடுத்தார். சின்னம்மாவும் ஒரு வாய். பிறகு கோப்பை என்னிடம் வந்தது. சீனக்குடா தாண்டும்போது வெளியே பால்வெளிச்சம்.

திருகோணமலை. கடல் காற்று பிளாட்போமுக்கே வருகிறது. நான் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அம்மா வாசலில், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி, கீழே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் சனம் நெருக்குகிறது.

"என்ன அம்மா?"

"ஒண்டுமில்ல. படி வருதோ எண்டு பாத்தன்" என்று சிரித்துவிட்டுக் கையை நீட்டினார்.